கமான் பட்டை கூட்டும் முன்...



நம் உறுப்பினர்களில் பலர் இன்று சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மண்டியிலிருந்து மாட்டு வண்டியிலும் மூன்று சக்கர சைக்கிளிலும் மூட்டை வந்து இறங்கியது. பிறகு வாடகை வேன் வந்தது. மாருதி ஆம்னியின் பின் இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு அரிசி மூட்டை ஏற்றியவர்களும் நம்மில் உண்டு. 2005-இல் டாடா ஏஸ் வந்தது. அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துக் கடைவாசலில் கட்டிக்கொண்டோம். அதன் பிறகு அதே அளவில் வேறு பல வண்டிகளும் வந்துவிட்டன.

வண்டி வாங்கியதும் நம்மில் பெரும்பாலோர் செய்கிற முதல் வேலை என்ன? நேரே பட்டறைக்குப் போய், "பின்னால் இரண்டு பட்டை கூட்டிப் போடுங்கள், பாரம் ஏற்றினால் உட்காருகிறது" என்பதுதான். நானும் அதையே செய்தேன். அதனால் என் வீட்டில் என்ன நடந்தது என்பதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் பொறியாளன் அல்லன், பலசரக்குக் கடைக்காரன். கணக்குப் போடத் தெரியும், அவ்வளவுதான்.

விருதுநகர் போன வண்டி

எங்கள் கடை அருப்புக்கோட்டைப் பக்கம். கொள்முதல் விருதுநகரில். பருப்பு, வற்றல், எண்ணெய் எல்லாம் அங்கேதான். போகும்போது வண்டி காலி, வரும்போது பாரம். வாரத்தில் மூன்று நடை. வண்டியை ஓட்டுவது என் தங்கை மகன். இருபத்திரண்டு வயது. நல்ல பிள்ளை, வேகமும் போகமாட்டான்.

பட்டை கூட்டிய பின் எனக்கு மிகுந்த திருப்தி. முன்பு எண்ணெய் டின் ஏற்றினாலே பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் வண்டி, இப்போது ஐம்பது கிலோ மூட்டைகளை அடுக்கினாலும் நிமிர்ந்து நின்றது. பையன் மட்டும், "மாமா, காலியா போகும்போது பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது" என்று இரண்டு மூன்று முறை சொன்னான். "சரக்கு வண்டின்னா அப்படித்தான்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் மனசு சங்கடப்படுகிறது.

ஐப்பசியில் ஒரு காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் தூறலாக மாறியிருந்தது. காலி வண்டி. ஒரு சிறு பாலம், அதையடுத்து இடப்பக்கம் ஒரு வளைவு. பாலத்தின் முடிவில் தார் உடைந்து ஒரு படி மாதிரி இருக்கும். அதில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் எழும்பியது. கீழே வந்தபோது இருந்த இடத்தில் இல்லை, ஓரடி வலப்பக்கம் தள்ளி விழுந்தது. பையன் பயந்து பிரேக்கை மிதித்திருக்கிறான். வண்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கருவேல முள்ளுக்குள் போய் நின்றது. பையனுக்குக் காரை எலும்பு முறிந்தது. எதிரே அப்போது பேருந்து எதுவும் வரவில்லை. அதைத் தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

வண்டியைப் பார்க்க வேறொரு பட்டறைக்காரரை அழைத்தேன். லாரிப் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சி, பாரம் ஏத்துனா வண்டி நிக்கணும்னு சொல்லி பட்டை போட்டிருக்கீங்க. காலியா ஓடும்போது எப்படி இருக்கணும்னு யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

ஸ்பிரிங் எதற்கு?

சுமையைத் தாங்கத்தான் ஸ்பிரிங் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. சுமையைத் தாங்குவதற்கு மட்டுமென்றால் ஒரு இரும்புக் கட்டையை வைத்துவிடலாமே! மாட்டு வண்டியில் அப்படித்தானே இருந்தது. ஸ்பிரிங்கின் இன்னொரு வேலை, சக்கரத்தை எப்போதும் சாலையில் அழுத்தி வைத்திருப்பது. பள்ளம் வந்தால் சக்கரம் இறங்க வேண்டும், மேடு வந்தால் ஏற வேண்டும். மேலே உள்ள வண்டி தன் பாட்டுக்குப் போக வேண்டும். திருப்புவதும் நிறுத்துவதும் டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது மட்டுமே நடக்கும். தரையை விட்டு எழும்பிய டயருக்கு ஸ்டியரிங்கும் தெரியாது, பிரேக்கும் தெரியாது.

காரை வடிவமைப்பவர்களுக்கு இதில் அதிகச் சிரமம் இல்லை. ஓட்டுநர் மட்டும் இருந்தாலும் ஐந்து பேர் ஏறினாலும் பின் சக்கரத்தின் மேல் வரும் எடையில் பெரிய வேறுபாடு வராது. நம் வண்டி அப்படியா? ஒரு கணக்குக்காக, காலியாக இருக்கும்போது பின் அச்சின் ஸ்பிரிங்குகள் 300 கிலோ தாங்குவதாக வைத்துக்கொள்வோம். முழுப் பாரத்தில் அது 1,000 கிலோவாகிறது. மூன்று மடங்குக்கும் மேல். ஒரே ஸ்பிரிங் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இதே கணக்கில், 300 கிலோவுக்கு ஸ்பிரிங் 4 சென்டிமீட்டர் அமிழ்கிறது என்றால் 1,000 கிலோவுக்கு ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் அமிழும். அமிழும் அளவு தெரிந்தால், ஒரு மேட்டில் ஏறி இறங்கியபின் வண்டி நிமிடத்துக்கு எத்தனை முறை துள்ளும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். குறைவாக அமிழ்ந்தால் துள்ளல் வேகமாக இருக்கும். காலியில் நிமிடத்துக்குச் சுமார் 150 முறை, பாரத்தில் சுமார் 82 முறை. பயணிகள் காரில் இது பெரும்பாலும் 60 முதல் 90 வரை இருக்கும்; உடம்புக்குச் சுகமானது அதுதான். பாரம் ஏற்றிய நம் வண்டி கார் மாதிரி மெத்தென்று போவதும், காலி வண்டி தகர டப்பா மாதிரி குதிப்பதும் இதனால்தான்.

இப்போது இதில் பட்டை கூட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஐந்து பட்டை இருந்த கட்டில் அதே கனத்தில் இரண்டு சேர்த்து ஏழாக்கினால் விறைப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். காலியில் 4 சென்டிமீட்டர் அமிழ்ந்த இடத்தில் இனி 3 சென்டிமீட்டர் கூட அமிழாது. நிமிடத்துக்கு 150 ஆக இருந்த துள்ளல் 177-க்குப் போய்விடும்.

பட்டையின் கனத்தைக் கூட்டுவது இன்னும் மோசம். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 8 மில்லிமீட்டர் பட்டையை எடுத்துவிட்டு 10 மில்லிமீட்டர் பட்டை போட்டால், கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் 2 மில்லிமீட்டர். விறைப்போ ஏறக்குறைய இரண்டு மடங்கு. "கொஞ்சம் கனமானதா போட்டிருக்கேன், அண்ணாச்சி" என்று பட்டறையில் சொன்னால், அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து ஸ்பிரிங் அமைக்க வேண்டும் என்பதை 1930களிலேயே கண்டறிந்துவிட்டார்கள். மாரிஸ் ஓலி என்ற ஆங்கிலப் பொறியாளர், ரோல்ஸ் ராய்ஸில் இருந்துவிட்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனவர். ஒரு காரில் எடைக் கட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி ஓட்டிப் பார்த்தார். (நாம் மூட்டைகளைத் தினமும் அப்படித்தான் நகர்த்துகிறோம், ஆனால் குறித்து வைப்பதில்லை.) மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம், பிறகுதான் பின் சக்கரம். ஆகவே பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாகத் துள்ளினால், முன்னதை எட்டிப் பிடித்து இரண்டும் சேர்ந்து அடங்கும், வண்டி தலையாட்டாது. 'சற்று' என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் பட்டை மேல் பட்டை வைக்கும்போது இந்தப் பொருத்தம் போய்விடுகிறது.

கூடவே வரும் மற்றக் கோளாறுகள்

துள்ளல் மட்டும்தான் தொல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வேறு மூன்று விஷயங்கள் சத்தமில்லாமல் கெடுகின்றன.

முதலாவது ஸ்டியரிங். சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றுச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். வண்டியின் முன் சக்கரத்துக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். அது சில டிகிரிதான். பின்பக்கத்தை 3 அங்குலம் தூக்கினால், இரண்டு அச்சுகளுக்கும் இடையே 7 அடி உள்ள வண்டியில் அந்தச் சாய்விலிருந்து 2 டிகிரி குறைந்துவிடும். வளைத்தபின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவது மந்தமாகும். நேர்ச்சாலையில் வண்டி அலையும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அலைன்மெண்ட் கடையில் டோ மட்டும் பார்த்து அனுப்பினால் இது தீராது.

இரண்டாவது பிரேக். சில வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போய் ஒரு வால்வில் சேரும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், 'சரக்கு இருக்கிறது' என்று அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியாக உயர்ந்து நின்றால், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். பட்டை கூட்டிய வண்டி பாரத்திலும் நிமிர்ந்தே நிற்கிறது. வால்வுக்கு நம் உள்ளே இருக்கும் சரக்கு தெரியுமா? காலி வண்டி என்றே நினைத்துக்கொள்ளும். முழுப் பாரத்தில் பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். உங்கள் வண்டியில் இந்தக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கைத் தொட்டால் இதையும் திருத்தி வைக்க வேண்டும். 'தொந்தரவு' என்று இதைக் கழற்றித் தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது வளைவு. இதுதான் என் தங்கை மகனைக் கீழே தள்ளியது. வண்டி வளையும்போது எடை உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. மொத்தத்தில் எவ்வளவு போகும் என்பது வேகத்தையும் சரக்கின் உயரத்தையும் பொறுத்தது. ஆனால் அதில் முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது ஸ்பிரிங்கின் விறைப்பு. எந்த அச்சு விறைப்பாக இருக்கிறதோ, அது அதிகப் பங்கை ஏற்றுக்கொள்ளும். அந்த அச்சில் ஒரு டயர் மிகுந்த சுமையோடும் இன்னொன்று சும்மாவும் இருக்கும். சுமை இரட்டித்தால் டயரின் பிடிப்பு இரட்டிப்பதில்லை. மூட்டை இறக்க இரண்டு பேர் வந்து, ஒருவர் முதுகிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு மற்றவரை நிற்க வைத்தால் வேலை எவ்வளவு நடக்குமோ, அவ்வளவுதான் நடக்கும். ஆக, விறைப்பான பக்கம் முதலில் பிடிப்பை இழக்கிறது. பந்தயக் கார் அமைப்பவர்களுக்கு இது பாலபாடம். முன்பக்கம் விறைப்பானால் கார் வளைய மறுத்து நேரே போகப் பார்க்கும். பின்பக்கம் விறைப்பானால் வால் வெளியே வீசும். முன் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். வால் வீசினால் அதைத் திருத்துவதற்குப் பழக்கம் வேண்டும், நேரமும் வேண்டும். ஈரச் சாலையில் காலி வண்டிக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

இரவு ஓட்டத்தில் இன்னொன்று. பாரம் ஏற்றி வால் தாழ்ந்த வண்டியின் விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். பட்டை கூட்டி வால் தூக்கிய காலி வண்டியின் விளக்கு மூக்குக்கு முன்னால் தரையைத்தான் காட்டும்.

பட்டைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

"வண்டி உட்காருகிறது, ஆடுகிறது" என்று நாம் சொல்வதில் பெரும்பாலான நேரம் குற்றவாளி பட்டை அல்ல. என் வண்டியில் அந்தப் பட்டறைக்காரர் கண்டுபிடித்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

டயர்க் காற்றில் ஆரம்பித்தார். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். நான் எப்போதும் பாரத்துக்கான காற்றைப் பின் டயரில் அடித்து வைத்திருந்தேன். மூன்று வாரமாகப் பார்க்கவும் இல்லை. ஒரு டயரில் மிகுதி, மற்றதில் குறைவு. காற்று மிகுதியான டயர் காலியில் பந்து மாதிரி குதிக்கும். நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். குறைந்த டயர் பாரத்தில் பக்கவாட்டில் நெளியும், சூடேறும், வெடிக்கவும் செய்யும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, பாரத்தில் எவ்வளவு என்பது வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கிறது. காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். கடையில் தராசுக்கு முத்திரை பார்க்கிற நாம், ஒரு காற்றுமானி வாங்கிக் கல்லாப்பெட்டியில் போட்டுவைக்க யோசிக்கிறோம்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் துள்ளும், அதை அடக்குவது ஷாக். உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கிப் போகும்போது துள்ளலின் வேகம் சூடாக மாறி வெளியேறுகிறது. ஷாக் செத்துப்போன வண்டியில் எத்தனை நல்ல ஸ்பிரிங் இருந்தும் பயனில்லை. பட்டையை விறைப்பாக்கினால் ஷாக்குக்கு வேலை கூடுகிறது. பழைய பட்டைக்கு அளந்து வைத்த ஷாக் புதுப் பட்டையை அடக்க முடியாது. என் வண்டியில் நடந்தது இதுதான். இரண்டு பட்டை கூட்டினேன், ஷாக்கைத் தொடவில்லை. அதிலும் ஒன்று எண்ணெய் கசிந்து வற்றிப்போயிருந்தது.

சோதிப்பது எளிது. காலி வண்டியின் ஒரு மூலையில் கை வைத்து நன்றாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. விறைத்துப்போன சரக்கு வண்டியில் கை அமுக்கலுக்கு அசையாது. அப்போது ஷாக்கின் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டயரைக் கையால் தடவிப் பார்ப்பதும் ஒரு வழி. ஓரிடம் தேய்ந்தும் ஓரிடம் தேயாமலும் மேடுபள்ளமாக இருந்தால் அந்தச் சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று பொருள். மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்பது தராசில் ஒரு தட்டைச் சாய்த்து வைப்பது போல.

பட்டை முனையில் உள்ள ரப்பர் புஷ், ஷேக்கிள், கட்டை அச்சோடு பிடித்திருக்கும் யூ-போல்ட், பட்டைகளின் நடுவே ஊடுருவி நிற்கும் சென்டர் போல்ட், இவையெல்லாம் சின்னச் சாமான்கள். புஷ் தேய்ந்தால் வளைவில் பின் அச்சு தன் இஷ்டத்துக்கு அரை அங்குலம் நகரும். ஓட்டுபவருக்கு ஸ்டியரிங்கில் ஏதோ கோளாறு மாதிரி தெரியும். யூ-போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் முறிந்துவிட்டால் அச்சே பின்னுக்கு நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். முன்னால் போகிற வண்டியின் பின் சக்கரம் முன் சக்கரத் தடத்தில் போகாமல் ஒரு பக்கமாக விலகிப் போவதைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். பட்டை வேலை பார்த்தபின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். பட்டறைக்காரர் சொன்னாலும் நாம் போவதில்லை.

மூட்டை அடுக்குவது

காசு செலவில்லாமல் வண்டியின் ஓட்டத்தை மாற்றுவது இதுதான். இதில் நமக்கே அனுபவம் உண்டு என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

மண்டியில் என்ன நடக்கிறது? பின்கதவைத் திறக்கிறார்கள். அவசரத்தில் மூட்டைகளைப் பின்கதவை ஒட்டியே போட்டுக்கொண்டு வருகிறார்கள். வழியில் முதலில் இறக்க வேண்டிய சரக்கும் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று நாமே சொல்கிறோம். இப்போது கணக்கைப் பாருங்கள். ஐம்பது கிலோ அரிசி மூட்டை நான்கு, ஆக 200 கிலோ. பின் அச்சுக்கு 2 அடி பின்னால் வைக்கிறோம். அச்சுகளுக்கு இடையே 7 அடி. பின் அச்சு தராசின் முள் மாதிரி ஆகிறது. 200-ஐ 2-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 57. முன் சக்கரத்திலிருந்து 57 கிலோ குறைகிறது. பின் அச்சின் மேல் 257 கிலோ ஏறுகிறது. 200 கிலோவுக்குப் பதில் 257! வண்டி 'உட்காருகிறது' என்று நாம் பட்டறைக்கு ஓடுவது இந்த 57 கிலோவுக்காகத்தான். முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங்கும் பிடி கொடுக்காது. அதே நான்கு மூட்டையைப் பின் அச்சுக்கு 2 அடி முன்னால் வைத்தால் பின்னுக்கு 143, முன்னுக்கு 57. பட்டறைக்குப் போகாமலே 114 கிலோ மிச்சம்.

ஆகவே கனமானவை ஓட்டுநர் அறையை ஒட்டி. உப்பு, சர்க்கரை, அரிசி, பருப்பு மூட்டை, எண்ணெய் டின் எல்லாம் முன்னாலும் கீழேயும். அப்பளக் கட்டு, சேமியா, பொரி மூட்டை, நொறுக்குத் தீனிப் பெட்டி பின்னாலும் மேலேயும். இடமும் வலமும் சமமாக. எண்ணெய் டின்னை ஒரே பக்கமாக அடுக்கினால் அந்தப் பக்கத்துப் பட்டை ஓராண்டில் தளர்ந்து வண்டி நிரந்தரமாகச் சாய்ந்துவிடும். பிறகு அதற்கும் பட்டை கூட்டச் சொல்வோம்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. சக்கரங்களுக்கு இடையே 4 அடி அகலம் என்றால், நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 2 அடி. மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருந்தால், 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் காகிதக் கணக்குப்படி மணிக்கு 50 கிலோமீட்டரில்தான் கவிழும் நிலை வரும். மேலே மேலே அடுக்கி மையத்தை 4 அடிக்குக் கொண்டுபோனால் 44-லேயே வந்துவிடும். ஸ்பிரிங் சாய்வதையும் சரக்கு நகர்வதையும் சேர்த்தால் இன்னும் குறையும். கயிறு இறுக்கிக் கட்டாத சரக்கு வளைவின் நடுவில் ஒரு சாண் நகர்ந்தாலே இந்தக் கணக்கெல்லாம் பொய்.

பட்டை கூட்டியே ஆக வேண்டுமென்றால்

பழைய பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகிவிட்டால் அவற்றைச் செப்பனிட வேண்டும், அல்லது கம்பெனி அளவிலேயே புதுக் கட்டு போட வேண்டும். அதில் தவறில்லை. அதற்கு மேலும் தேவை என்றால், மெயின் பட்டையோடு சேர்ந்து எப்போதும் வேலை செய்கிற பட்டையாகக் கூட்டாமல் ஹெல்ப்பர் பட்டையாகக் கேளுங்கள். லாரிகளில் இது சாதாரணம். காலியில் அது எதையும் தொடாமல் சும்மா இருக்கும். பாரம் ஏறி மெயின் கட்டு ஓரளவு அமிழ்ந்தபின்தான் தாங்க ஆரம்பிக்கும். காலிக்கு மென்மை, பாரத்துக்கு விறைப்பு. ஒரே ஸ்பிரிங்கால் முடியாததை இரண்டாகப் பிரித்துச் செய்கிற முறை. ஷாக், பிரேக் வால்வு, விளக்கு, அலைன்மெண்ட் நான்கையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

பட்டை கூட்டினால் வண்டியின் கொள்ளளவு கூடிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பலமாக இருக்கிறது. ஆர்.சி.யில் எழுதிய எடை எழுதியதுதான். பட்டை தாங்கலாம்; அச்சு, பேரிங், டயர், பிரேக் ஆகியவை அதே பழைய எடைக்குச் செய்தவை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று இருக்கிறது. அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் ஆய்வாளர் வந்து குனிந்து பார்க்கும் இடமும் பெரும்பாலும் பின் அச்சுதான்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். பையன்கள் ஆசைப்பட்டார்கள் என்று ஸ்பிரிங்கை அறுத்துக் காரைத் தாழ்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். அறுத்த ஸ்பிரிங் விறைப்பாகும், ஷாக் அதற்குப் பொருந்தாது, வேகத்தடையில் அடியும் படும். காரின் ஓட்டம் நன்றாக வேண்டும் என்றால் நல்ல டயர், சரியான காற்று, நான்கு நல்ல ஷாக், தேயாத புஷ். இவற்றுக்குச் செலவழித்தபின் மிச்சம் இருக்கும் பணத்துக்கு வேறு யோசனை செய்யலாம்.

என் வண்டியில் கூட்டிய இரண்டு பட்டையையும் எடுத்துவிட்டு ஹெல்ப்பர் ஒன்று வைத்தோம். பின் ஷாக் இரண்டும், புஷ் எட்டும் புதிது. பையன் நான்கு மாதம் கழித்து மறுபடி வண்டி எடுத்தான். முதல் நடை நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அந்தப் பாலம் வந்தபோது இருவரும் பேசவில்லை. சடக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வண்டி தன் தடத்திலேயே போனது. "இப்ப பரவாயில்ல மாமா" என்றான்.

காலியாகப் போகும் மழை நாளில், திருப்பிக் கொடுக்க வேண்டிய காலி டின்களோடு இரண்டு மணல் மூட்டைகளையும் பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போகிறான். அது அவனாகச் செய்தது. விருதுநகரில் சரக்கு ஏற்றுகிறவர்கள் முதலில் சிரித்தார்களாம். இப்போது அவர்களே அந்த மூட்டைகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, பருப்பு மூட்டையை முன்னால் தள்ளிப் போடுகிறார்கள்.